குளித்த தண்ணீரை மண்ணுக்குள் அனுப்புவது எப்படி?

2019 ஜூனில் சென்னையின் புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு, குடங்களோடு லாரிக்குக் காத்து நின்றபோதுதான் மடிப்பாக்கம் வீட்டில் இந்தப் பாத்தியை வெட்டினேன்.

குளித்த, துணி அலசிய தண்ணீர் மட்டும் போதும். கழிப்பறை நீரும் சமையலறை எண்ணெய்ப் பிசுக்கும் வேண்டாம். கிணற்றை விட்டுத் தள்ளி மூன்றடி ஆழம் தோண்டுங்கள். அடியில் ஜல்லி, மேலே மணல், அதன்மேல் மண். கல்வாழை நடுங்கள். அதன் வேரைச் சுற்றி வாழும் நுண்ணுயிர்கள்தான் சோப்பு அழுக்கைத் தின்கின்றன. பிளீச்சிங் பவுடர் கலந்த நீரை விட்டால் அவை செத்துவிடும்.

பாத்திக்கு நீர் வரும் குழாயின் வாயில் பழைய கொசுவலைத் துண்டைக் கட்டுங்கள். நான் கட்டவில்லை. இரண்டே மாதத்தில் தலைமுடி அடைத்து, மணல் கறுத்து, அழுகிய முட்டை நாற்றம். மாமியார் ஒரு வாரம் கொல்லைப்பக்கமே எட்டிப்பார்க்கவில்லை! மேல் மணலை அள்ளிவிட்டுப் புதிதாய்ப் போட்டபிறகுதான் அடங்கியது.

நமீபியாவின் விண்ட்ஹுக் நகரம் 1968 முதல் கழிவுநீரைக் குடிநீராக்குகிறதே, இதையும் குடித்தால் என்ன என்று சிலர் வாதாடுவார்கள். விண்ட்ஹுக் விஷயம் உண்மைதான். ஆனால் அங்கே ஓசோன், கரி வடிகட்டி, சவ்வு வடிகட்டி, இடைவிடாத பரிசோதனை எல்லாம் உண்டு. என்னிடம் இருப்பது கல்வாழை. கிணற்று நீரில் வீடு துடைக்கிறோம், செடிக்கு ஊற்றுகிறோம். குடிக்க இன்னும் கேன்தான்.