வாடகைக்கு விட வீடு வாங்குகிறீர்களா? 3.9 விழுக்காடு 2.5 ஆவதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்

ஆண்டு வாடகையை வீட்டு விலையால் வகுத்தால் கிடைப்பதைத்தான் பலரும் வருவாய் என்கிறார்கள். உண்மையில் கைக்கு வருவது அதைவிட நன்றாகவே குறையும். ஓர் எடுத்துக்காட்டைக் கடைசிவரை போட்டுப் பார்ப்போம். சிங்கப்பூர்க் குடிமகன் ஒருவர் தம் முதல் சொத்தாக 12 லட்சம் வெள்ளிக்கு ஈரறை கொண்டோமினிய வீடு வாங்குகிறார், மாத வாடகை 3,900 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 46,800. வகுத்தால் 3.9 விழுக்காடு.

1. போடும் முதலைக் கூட்டுங்கள்

வாங்குபவர் முத்திரை வரி படிப்படியாக ஏறும்: முதல் 180,000க்கு 1%, அடுத்த 180,000க்கு 2%, அடுத்த 640,000க்கு 3%, அதற்கு மேல் 500,000 வரை 4%. நம் வீட்டுக்கு 32,600 வெள்ளி. வழக்கறிஞர் கட்டணம் 3,000, சாயம், குளிர்சாதனம், கட்டில், அலமாரிக்கு 14,400. ஆக மொத்தம் 12,50,000.

இதுவே குடிமகனுக்கு இரண்டாவது வீடு என்றால் கூடுதல் முத்திரை வரி 20%, அதாவது 240,000 வெள்ளி. நிரந்தரவாசிக்கு முதல் வீட்டுக்கே 5%.

2. ஆண்டுச் செலவு

வீடு காலியாக நிற்கும் நாள்களை முதலில் கழியுங்கள். ஈராண்டு ஒப்பந்தத்துக்கு ஒரு மாதம் காலி என்றால் ஆண்டுக்கு அரை மாதம், 1,950. மிஞ்சுவது 44,850.

அதிகம் பேர் சறுக்குவது சொத்து வரியில். விற்பவர் காட்டும் பழைய ரசீதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் அந்த வீட்டில் குடியிருந்திருக்கலாம். ஆண்டு மதிப்பு, அதாவது ஓராண்டுக்கு அந்த வீடு ஈட்டக்கூடிய வாடகை என்று வரித்துறை மதிப்பிடும் தொகை, 40,000 வெள்ளி என்றால், உரிமையாளர் குடியிருக்கும் வீட்டுக்கு 2025 விகிதப்படி வரி 1,120 வெள்ளிதான். வாடகைக்கு விட்டால் முதல் 30,000க்கு 12%, அடுத்த 15,000க்கு 20% என்று 5,600 வெள்ளி ஆகிவிடும். ஐந்து மடங்கு!

மற்றவை: பராமரிப்புக் கட்டணம் மாதம் 350, ஆண்டுக்கு 4,200. ஈராண்டு ஒப்பந்தத்துக்கு முகவர் தரகு ஒரு மாத வாடகை என்றால் ஆண்டுக்கு 1,950. பழுதுபார்ப்பும் காப்புறுதியும் 1,700. எல்லாம் சேர்ந்து 13,450.

44,850இல் 13,450 போக 31,400. அதை 12,50,000ஆல் வகுத்தால் 2.5 விழுக்காடு. மத்திய சேம நிதியின் (சிங்கப்பூரின் கட்டாயச் சேமிப்புத் திட்டம்) சாதாரணக் கணக்கு எந்த அலைச்சலும் இல்லாமல் தரும் வட்டியும் 2.5 விழுக்காடுதான். விலை ஏறும் என்ற நம்பிக்கையில்தான் வாங்குகிறீர்கள் என்றால், அதை உங்களிடமே தெளிவாகச் சொல்லிக்கொள்ளுங்கள்.

3. கடன்

75%, அதாவது 9 லட்சம் கடன், 25 ஆண்டு, வட்டி 3% என்று வைத்தால் மாதத் தவணை ஏறக்குறைய 4,270. ஆண்டுக்கு 51,200. வாடகையில் மிஞ்சும் 31,400 இதற்குப் போதாது. மாதம் 1,650 வெள்ளி கையிலிருந்து போட வேண்டும். தவணையில் ஒரு பகுதி அசலைக் குறைக்கிறது, உண்மைதான். முதல் ஆண்டு வட்டி மட்டும் சுமார் 26,700. 31,400இல் அதை மட்டும் கழித்தால் லாபம் 4,700.

4. வருமான வரி

வாடகை வருமானத்துக்கு வரி கணக்கிடும்போது கடன் வட்டியைக் கழிக்கலாம், அசலைக் கழிக்க முடியாது. மற்ற செலவுகளுக்கு வாடகையில் 15% என்று ரசீதில்லாமல் கழிக்கலாம். இங்கே அது சுமார் 6,700தான். உண்மைச் செலவு கூடுதல் என்பதால் ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள். முதல் வாடகைதாரரைத் தேடக் கொடுத்த தரகு மட்டும் கணக்கில் சேராது.

5. மோசமான ஆண்டு

வாடகை 10% இறங்கினால் சுமார் 4,500 போகும். வட்டி 3.5% ஆனாலும் அதே அளவு போகும். இரண்டில் ஒன்று நடந்தாலே 4,700 லாபம் கரைந்துவிடும், இரண்டும் சேர்ந்தால் நட்டம். வீடு காலியான மாதத்தில் தவணையும் பராமரிப்பும் மட்டுமே 4,600 வெள்ளிக்கு மேல். மூன்று மாதத்துக்கான அந்தத் தொகை, ஏறக்குறைய 14,000 வெள்ளி, கையில் இருந்த பிறகே முன்பணம் கொடுங்கள்.