வாடகையில்லாக் குடித்தனம்: வீட்டுக் கணினியை ஆராய்ச்சிக்குக் கொடுப்பது எப்படி?

பெங்களூரில் ஒற்றைப் படுக்கையறை வீட்டுக்கே பல மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கிறார்கள். நான் இங்கே வாடகையே வாங்காமல் ஒருவரைக் குடிவைக்கச் சொல்லித்தரப் போகிறேன். குடிவருவது ஒரு சின்ன மென்பொருள். இடம், உங்கள் வீட்டுக் கணினி. மின்னஞ்சல் பார்க்கும்போதும் கணக்கு எழுதும்போதும் அதன் செயலி (பிராசசர்) பெரும்பாலும் சும்மாதான் கிடக்கிறது. அந்த நேரத்தைத் துடிப்பு விண்மீன் (சீராகத் துடிக்கும் 'பல்சார்') தேடுகிறவர்களுக்கும் புரதங்களின் வடிவத்தை ஆராய்கிறவர்களுக்கும் கொடுக்கலாம்.

"இதில் நமக்கு என்ன கிடைக்கும், மாமா?" என்று அக்கா மகன் கேட்டான். கரன்ட் பில் கொஞ்சம் கூடும், வேறொன்றும் கிடைக்காது என்றேன். காசு பார்க்க நினைப்பவர்கள் இந்த இடத்திலேயே விடைபெறலாம். மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மென்பொருளை இறக்குவதற்கு முன்பே மின்சாரக் கணக்கைப் போட்டுவிடுங்கள். பலரும் அதைக் கடைசியில் போடுகிறார்கள், முதல் பில் வந்ததும் எல்லாவற்றையும் நீக்கிவிடுகிறார்கள்.

முதலில் மீட்டர்

வீட்டு டிஜிட்டல் மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருக்கும். பக்கத்திலேயே ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை மின்னும் என்று அச்சிட்டிருப்பார்கள். 3200 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஃபிரிட்ஜ், கீசர், மின்விசிறி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கணினியை மட்டும் சும்மா ஓடவிட்டு, 10 நிமிடம் எண்ணுங்கள். மென்பொருளை நிறுவிய பிறகு, அது முழுமூச்சாக வேலை செய்யும்போது இன்னொரு 10 நிமிடம் எண்ணுங்கள். 32 முறை கூடுதலாக மின்னினால், கூடுதல் செலவு 60 வாட். தினமும் 10 மணி நேரம் ஓடினால் 0.6 யூனிட், மாதத்துக்கு 18 யூனிட். நிறுவும் முன் மதிப்பிட இந்த 60 வாட்டையே வைத்துக்கொள்ளலாம். மடிக்கணினி இதைவிடக் குறைவாக இழுக்கும். பெரிய கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கணினி பல மடங்கு இழுக்கும்.

யூனிட்டுக்குச் சுமார் 6 ரூபாய் என்று வைத்தால் 108 ரூபாய்தானே என்று தோன்றும். கர்நாடகத்தில் 'கிருஹ ஜோதி' என்ற இலவச மின்சாரத் திட்டத்தின் பலனைப் பெறும் வீடுகளுக்குக் கணக்கு வேறு. உங்கள் வீட்டின் பழைய சராசரியை ஒட்டி ஓர் அளவு இலவசம். அதைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுகளுக்குப் பணம். மாதப் பயன்பாடு 200 யூனிட்டைக் கடந்தாலோ முழு பில்லையும் கட்ட வேண்டும். 190 யூனிட்டில் நிற்கிற வீட்டில் இந்த 18 யூனிட்டும் சேர்ந்தால் 208 ஆகிவிடும். அப்படிப்பட்டவர்கள் தினமும் 3 மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம். வீட்டுக்காரரோடு ஒரே மீட்டரைப் பகிர்கிறவர்கள் முதலில் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

எந்தக் கணினி?

உங்களுக்குச் சொந்தமானது மட்டும். அலுவலக மடிக்கணினி வேண்டவே வேண்டாம். இந்த ஊரில் பாதிப் பேர் வீட்டில் இருப்பது அதுதான் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு கணினி நிர்வாகி, தான் வேலை பார்த்த கல்லூரியின் கணினிகளில் அனுமதியின்றி இப்படியொரு மென்பொருளைப் போட்டு, குற்ற வழக்கைச் சந்திக்க நேர்ந்தது.

பழைய மேசைக் கணினி தாராளமாகப் போதும். அதைத் திறந்து விசிறியில் படிந்த தூசியை ஒரு பிரஷால் தட்டிவிடுங்கள். மெட்ரோ வேலை நடக்கும் சாலையோரம் குடியிருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். செயலியின் மேல் பூசிய, சூட்டைக் கடத்தும் பசை காய்ந்திருந்தால், கணினிக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் மாற்றித் தருவார்கள்.

நிறுவுதல்

மென்பொருளின் பெயர் பாயிங்க். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவாகி 2002-இல் வெளிவந்தது, இலவசம். பெர்க்லியின் அதிகாரபூர்வ பாயிங்க் தளத்திலிருந்து மட்டுமே இறக்குங்கள். விண்டோஸுக்கு இரண்டு வகைக் கோப்புகள் இருக்கும். 'விர்ச்சுவல்பாக்ஸ்' (கணினிக்குள் இன்னொரு கணினியைப் போல இயங்கும் மென்பொருள்) சேர்ந்தது புதியவருக்குத் தேவையில்லை. உபுண்டு லினக்ஸ் வைத்திருப்பவர்கள் தங்கள் மென்பொருள் கிடங்கிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். மற்றதெல்லாம் வழக்கமான 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்'தான்.

எந்த ஆராய்ச்சி?

பாயிங்க் வெறும் வண்டி. சரக்கு எது என்பதை நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் பழைய விளக்கங்கள் பலவும் வேற்றுக்கிரக உயிர்களைத் தேடும் செட்டி அட் ஹோமைச் சொல்லும். 1999-இல் தொடங்கிய அந்தப் பெரும்புகழ்த் திட்டம் 2020 மார்ச்சோடு வேலை அனுப்புவதை நிறுத்திவிட்டது. புரதம் மடிவதை ஆராயும் ஃபோல்டிங் அட் ஹோமுக்குத் தனி மென்பொருள். பாயிங்கில் அதைத் தேடிக் களைக்காதீர்கள்.

தொடக்கத்துக்கு நான் சொல்வது ஐன்ஸ்டைன் அட் ஹோம். ஈர்ப்பலைகளை (காலவெளியில் எழும் அதிர்வலைகளை) உணரும் கருவிகளும் தொலைநோக்கிகளும் திரட்டிய தரவுகளில் துடிப்பு விண்மீன்களின் சீரான துடிப்பைத் தேடும் திட்டம் இது, 2005-இலிருந்து நடக்கிறது. 2010-இல் அரசிபோ வானொலித் தொலைநோக்கியின் தரவிலிருந்து அதுவரை அறியப்படாத ஒரு துடிப்பு விண்மீன் அகப்பட்டது. அகப்பட்ட இடம் அமெரிக்காவின் அயோவாவில் ஒரு தம்பதியின் கணினியும், ஜெர்மனியில் இன்னொருவரின் கணினியும். ஒரே வேலையை இரண்டு பேருக்கு அனுப்பி, விடைகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது இத்திட்டங்களின் வழக்கம். யாரோ ஒருவர் வீட்டுக் கணினி சொல்வதை அப்படியே நம்ப முடியாதல்லவா? மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் லைகோ-இந்தியா என்ற ஈர்ப்பலை ஆய்வுக்கூடம் எழும்பும் காலத்தில், ஈர்ப்பலைக் குடும்பத்தோடு இப்போதே உறவு வைத்துக்கொள்வது எனக்குப் பிடித்திருக்கிறது.

மருத்துவத்தில் நாட்டமுள்ளவர்கள், புரதங்களின் வடிவத்தை ஆராயும் ரொசெட்டா அட் ஹோமைப் பார்க்கலாம். அது 2024-இல் வேதியியல் நோபல் பெற்ற டேவிட் பேக்கரின் ஆய்வகத்தில் பிறந்தது.

பாயிங்கில் 'டூல்ஸ்' பட்டியலில் 'ஆட் புராஜெக்ட்' என்பதை அழுத்தினால் திட்டங்கள் வரிசையாக வரும். ஒன்றைத் தேர்ந்து, மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் கொடுத்துக் கணக்குத் தொடங்குங்கள். அங்கே கேட்கும் பெயர் உலகுக்கே தெரியும் என்பதால் புனைபெயர் நல்லது. வங்கிக்குப் பயன்படுத்தும் கடவுச்சொல்லை இங்கே கொடுக்காதீர்கள்.

கடிவாளம்

கணினி வாழ்வதும் வதங்குவதும் இந்தப் படியில்தான் இருக்கிறது. 'ஆப்ஷன்ஸ்' பட்டியலில் 'கம்ப்யூட்டிங் பிரிஃபரன்சஸ்' என்பதைத் திறங்கள்.

செயலிகளில் எத்தனை சதவீதம் என்று கேட்கும் இடத்தில் 50 போடுங்கள். எட்டு இழைகள் ஓடும் (ஒரே நேரத்தில் எட்டு வேலை பார்க்கும்) செயலியில் நான்கு மட்டும் வேலை செய்யும். அதற்கருகிலேயே செயலியின் நேரத்தில் எத்தனை சதவீதம் என்றும் ஒரு கட்டம் உண்டு. பலர் சூட்டைக் குறைக்க இதைத் தொடுகிறார்கள். இதைக் குறைத்தால் பாயிங்க் சற்று ஓடி, சற்று நின்று, மறுபடி ஓடும். விசிறியும் அதற்கேற்ப ஏறி இறங்கி இரவெல்லாம் முனகும். அதை 100-இலேயே விட்டுவிட்டு, செயலிகளின் எண்ணிக்கையைக் குறைப்பதே மேல்.

மின்கலத்தில் ஓடும்போது நிறுத்தச் சொல்லும் கட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். ஆனால் அதை முழுதாக நம்ப வேண்டாம். கரன்ட் போய் வீடு இன்வெர்ட்டரில் ஓடும்போது, மடிக்கணினிக்கு அது சுவரிலிருந்து வரும் மின்சாரம்தான். பாயிங்க் நிற்காது, விளக்குக்கும் விசிறிக்கும் வைத்திருந்த பேட்டரியைக் குடித்துக்கொண்டிருக்கும். கரன்ட் போனால் 'ஆக்டிவிட்டி' பட்டியலில் 'சஸ்பெண்ட்' அழுத்தும் பழக்கத்தை வீட்டிலுள்ள எல்லோருக்கும் சொல்லிக்கொடுங்கள். மேசைக் கணினி பட்டென்று அணைந்தாலும் கவலை வேண்டாம். வேலை அவ்வப்போது வட்டில் பதிவாகும்; கடைசிப் பதிவிலிருந்து தொடரும்.

'டெய்லி ஷெட்யூல்ஸ்' பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை என்று நேரம் குறிக்கலாம். டிசம்பர், ஜனவரி இரவுகளில் பெங்களூர்க் குளிரே பாதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஏப்ரல் பகலில் மூடிய அறைக்குள் ஓட்டாதீர்கள்.

கையிருப்பு வேலையை ஒரு நாள் அளவுக்குமேல் வைக்க வேண்டாம். ஒவ்வொரு வேலைக்கும் கெடு உண்டு. பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள், பஸ் ஏறுவதற்கு இரண்டு நாள் முன்பே திட்டத்தைத் தேர்ந்து 'நோ நியூ டாஸ்க்ஸ்' அழுத்திவிட்டால் இருப்பது முடிந்து கணக்குத் தீரும். கெடு தவறினால் தண்டனை ஏதும் இல்லை, அந்த வேலை வேறொருவருக்குப் போகும். ஆனாலும் சொல்லிவிட்டுப் போவது மரியாதை.

விடை சரிதானா?

ஓரிரு நாள் கழித்துத் திட்டத்தின் தளத்தில் உங்கள் கணக்கைத் திறந்து 'டாஸ்க்ஸ்' பக்கத்தைப் பாருங்கள். முடித்தவை முதலில் சரிபார்ப்புக்குக் காத்திருக்கும். மற்றவரின் விடையும் வந்து ஒத்துப்போனால் 'வேலிடேட்டட்' என்று மாறி, புள்ளிகள் சேரும். புள்ளிகளைக் கொண்டு டீ கூட வாங்க முடியாது. அடுத்தடுத்து 'இன்வேலிட்' என்றோ 'எரர்' என்றோ வந்தால் கணினி தப்பாகக் கணக்குப் போடுகிறது என்று பொருள். செயலிகளை 25 சதவீதமாகக் குறைத்து, தூசியைப் பார்த்து, செயலியை வேகம் கூட்டி ஓட்டியிருந்தால் பழைய வேகத்துக்கே திருப்புங்கள். அதன் பிறகும் தொடர்ந்தால் நினைவகத்தைச் சோதிக்கும் கருவி ஒன்றை ஓர் இரவு ஓட்டிப் பாருங்கள்.