கழுவாத மாதிரித் துண்டை அளந்து ஸ்வெட்டர் போடாதீர்கள்

ரொறன்ரோவில் மேப்பிள் இலை சிவக்கத் தொடங்கியதும் பலருக்குக் கை துறுதுறுக்கும். ஒக்டோபரில் தேங்ஸ்கிவிங் முடிந்த கையோடு ஸ்காபரோவில் நாங்கள் நடத்தும் பின்னல் வகுப்புக்குப் புதியவர்கள் வந்து சேர்வார்கள். அப்பாவுக்கு ஸ்வெட்டர், அக்காவின் பிள்ளைக்குத் தொப்பி, மாமிக்குச் சால்வை என்று ஆளுக்கொரு பட்டியல் வைத்திருப்பார்கள். எல்லாம் கிறிஸ்துமஸுக்கு முன்னால் முடிய வேண்டும். அவர்கள் விடும் பிழைகளில் பாதி நானும் விட்டவைதான், அதனால் கோபம் வருவதில்லை. ஒன்றுக்கு மட்டும் இன்னும் எரிச்சல் வருகிறது. அதைத்தான் இங்கே நீட்டி எழுதப் போகிறேன்.

கண்ணி நழுவுவது, எண்ணிக்கை கூடிக் குறைவது, நிட்டும் பர்லும் (நேர்க்கண்ணியும் மறுகண்ணியும்) மாறிப்போவது பற்றியெல்லாம் எழுதவில்லை. கொஞ்சம் பின்னிப் பழகினால் அவை தானாகக் கண்ணில் படும்.

மாதிரித் துண்டைக் கழுவாமல் அளப்பது

ஸ்வெட்டர் தொடங்குமுன் ஒரு சிறு துண்டு பின்னி, பத்து சென்டிமீட்டருக்கு எத்தனை கண்ணி வருகிறது என்று பார்க்க வேண்டும். இது எல்லாருக்கும் தெரியும். பெரும்பாலோர் செய்தும் விடுகிறார்கள். ஆனால் ஊசியில் இருக்கும்போதே அளவு நாடாவை வைத்துப் பார்த்து, "இருபது வருது அக்கா, சரியா இருக்கு" என்று தொடங்கிவிடுகிறார்கள். அந்த இருபது தண்ணீரைக் காணாத நூலின் கணக்கு. ஸ்வெட்டரைப் போடப்போகிறவர் துவைக்காமலா போடுவார்?

போன வருடம் வகுப்புக்கு வந்த ஒரு பிள்ளை தன் அப்பாவுக்குப் பின்னினாள். நல்ல கை, ஒரே சீரான கண்ணி. சூப்பர்வாஷ் மெரினோ, அதாவது மெஷினில் துவைக்கும்படி பதப்படுத்திய கம்பளி நூல் வாங்கியிருந்தாள். துண்டைக் கழுவிப் பார்த்தாயா என்று கேட்டேன். சூப்பர்வாஷ் என்றால் ஒன்றும் ஆகாது, கழுவிப் பார்க்கத் தேவையில்லை என்று நூல் வாங்கிய கடையில் சொன்னார்களாம். நூல் விற்கிறவர்களே இப்படிச் சொன்னால் புதிதாக வருகிறவர்கள் யாரைத்தான் கேட்பது? முழு ஸ்வெட்டரும் முடிந்த பிறகுதான் அது முதல்முறை தண்ணீரைப் பார்த்தது. காய்ந்து வந்தபோது கை விரல் நுனியை மூடியது, உடம்பு தொடைக்கு இறங்கியது. அப்பா பாவம், கையை இரண்டு மடிப்பு மடித்துவிட்டு, "பரவாயில்லை பிள்ளை, உள்ளுக்கு இன்னொரு சட்டை போடலாம்" என்றார்.

கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. ஆட்டு ரோமத்தின் மேல் நுண்ணிய செதில்கள் உண்டு. சூடு, ஈரம், அலசல் மூன்றும் சேரும்போது அந்தச் செதில்கள் ஒன்றையொன்று பிடித்து இறுக்கித் துணியைச் சுருக்கிவிடும். சூப்பர்வாஷ் நூலில் செதில்களைக் குளோரினால் மழுக்கி, பெரும்பாலும் மேலே மெல்லிய பாலிமர் பூச்சும் கொடுத்திருப்பார்கள். அதனால் மெஷினில் போட்டாலும் சுருங்காது. ஆனால் பிடிப்பதற்குச் செதில் இல்லை என்றால் நழுவுவதற்கும் தடை இல்லை. நனைந்ததும் இழைகள் வழுக்கி, கண்ணிகள் தளர்ந்து, துணி அகலத்திலும் நீளத்திலும் பெருகும். சுருங்காது என்று சொன்னவர்கள் பெருகும் என்பதைச் சொல்லவில்லை.

எவ்வளவு பெருகும்? நூலுக்கு நூல் மாறும், அதற்காகத்தான் கழுவிப் பார்க்கச் சொல்கிறேன். ஒரு கணக்கு மட்டும் போட்டுக் காட்டுகிறேன். மார்புச் சுற்று 100 செ.மீ., பத்து செ.மீ.க்கு 20 கண்ணி என்றால் 200 கண்ணி போடுவீர்கள். கழுவியபின் அது 18 கண்ணியாகத் தளர்ந்தால் அதே 200 கண்ணி 111 செ.மீ. வரும். கை நீளம் 45 செ.மீ.க்கு, பத்து செ.மீ.க்கு 28 வரிசைக் கணக்கில் 126 வரிசை போட்டிருப்பீர்கள். அது 26 வரிசையானால் கை 48 செ.மீ.யைத் தாண்டும். துண்டில் பார்க்கும்போது இரண்டு கண்ணிதானே என்று தோன்றும். ஆள்மேல் அது ஒரு அளவு பெரிய சட்டை.

சரி, செய்ய வேண்டியது இதுதான். துண்டு குறைந்தது பதினைந்து செ.மீ. சதுரமாக இருக்கட்டும். ஓரக் கண்ணிகள் எப்போதும் கோணலாக இருக்கும், ஆகவே நடுவில் பத்து செ.மீ. மட்டும் அளக்க வேண்டும். ஸ்வெட்டரை வட்ட ஊசியில் சுற்றிப் பின்னப் போகிறீர்கள் என்றால் துண்டையும் சுற்றியே பின்னுங்கள். சுற்றிப் பின்னும்போது பெரும்பாலும் நிட் மட்டும்தான், திருப்பித் திருப்பிப் பின்னினால் பர்லும் வரும், பலருக்கு இரண்டும் ஒரே இறுக்கத்தில் வருவதில்லை. பிறகு அந்தத் துண்டைப் பரிசு வாங்கப்போகிறவர் வீட்டில் எப்படித் துவைப்பார்களோ அப்படியே துவையுங்கள். தம்பி எல்லாவற்றையும் மெஷினில் போட்டு டிரையரில் தள்ளுகிறவன் என்றால் துண்டும் அந்த வழியே போகட்டும். நன்றாகக் காய்ந்து ஒரு நாள் கிடந்தபின் அளங்கள். அரைக் கண்ணியையும் விடாமல் எண்ணுங்கள். 20க்குப் பதில் 20.5 வந்தாலே அந்த 100 செ.மீ. மார்பில் இரண்டரை செ.மீ. குறைந்துவிடும்.

துண்டு பின்னுவது நூலுக்கும் நேரத்துக்கும் நட்டம் என்று முணுமுணுப்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. அமெரிக்காவில் நிறையப் பேருக்குப் பின்னல் சொல்லிக்கொடுத்த எலிசபெத் ஸிம்மர்மன், மாதிரித் துண்டுக்குப் பதிலாக ஒரு தொப்பியைப் பின்னச் சொல்வார். அளவும் தெரியும், வீட்டில் ஒரு தலைக்குத் தொப்பியும் ஆயிற்று.

ஏற்கனவே பெருகிப்போன ஸ்வெட்டர் கையில் இருந்தால், லேபிளில் டிரையருக்கு அனுமதி உண்டா என்று பாருங்கள். இருந்தால் ஈரத்தோடு குறைந்த சூட்டில் கொஞ்ச நேரம் விட்டு, பக்கத்திலேயே நின்று அடிக்கடி எடுத்துப் பார்க்கலாம். சூப்பர்வாஷ் பெரும்பாலும் ஓரளவு திரும்பி வரும். சாதாரணக் கம்பளியில் இதை முயன்றால் அப்பாவின் ஸ்வெட்டர் பேரனுக்குத்தான்.

மெஷின் வீட்டுக்குச் சாதாரணக் கம்பளி

கொடுக்காதீர்கள். நீங்கள் வாயால் சொன்ன "கையால் துவையுங்கோ" அடுத்த சனிக்கிழமை துணிக்கூடைக்குள் மறந்துபோகும்.

அம்மம்மாவின் ஊசியில் இருக்கும் எண்

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பெட்டியில் பழைய பின்னல் ஊசிகளைப் பத்திரப்படுத்தி வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். அவற்றில் இருப்பது பெரும்பாலும் பழைய பிரித்தானிய எண். எண் கூடக் கூட ஊசி மெலியும். இங்கே கடையில் கிடைக்கும் அமெரிக்க எண்ணில் எண் கூடினால் ஊசி தடிக்கும். பிரித்தானிய 8 என்பது 4 மி.மீ., அமெரிக்க 8 என்பது 5 மி.மீ. வகுப்பில் ஒருவர் இந்த இரண்டையும் ஒரே 8 என்று எண்ணி, ஒரு சால்வையின் முதல் பாதியை ஒன்றிலும் மறுபாதியை மற்றதிலும் பின்னிக்கொண்டு வந்தார். சால்வை ஒரு பக்கம் விரிந்து பாவாடைபோல் தொங்கியது. எண்ணைப் பார்க்காதீர்கள், மில்லிமீட்டரைப் பாருங்கள். ஊசியை ஓட்டையில் நுழைத்து அளக்கும் தகடு சில டொலருக்குக் கிடைக்கும். கனடாவிலேயே பழைய ஊசிகளில் பிரித்தானிய எண்தான் இருக்கும், ஆகவே பழைய பொருள் கடையில் வாங்கினாலும் இதே கதை.

ஒரு கண்டு குறைய வாங்குவது

ஒரே டை லாட் எண்ணில், அதாவது ஒரே தடவையில் சாயம் தோய்த்த நூலில், ஒரு கண்டு கூடுதலாக வாங்குங்கள்.

பிறந்த குழந்தைக்கு

பஞ்சுபோல் மயிர் பறக்கும் மொஹேர் வேண்டாம், அது மூக்குக்கும் வாய்க்கும் போகும். இழுத்தால் வரும் பட்டன், நீளமான ரிப்பன் எதுவும் வேண்டாம். இரண்டு நிறம் கலந்து பின்னினால் உட்பக்கம் நீளமாக ஓடும் நூலில் சின்ன விரல் மாட்டிக்கொள்ளும். போர்வை பின்னிக் கொடுக்கலாம், ஆனால் அது தள்ளுவண்டிக்கும் மடிக்கும்தான். தூங்கும் தொட்டிலுக்குள் போர்வை, பொம்மை எதுவும் இருக்கக்கூடாது என்பது கனடா சுகாதாரத் துறையின் அறிவுரை. பாட்டிமார் முகம் சுளித்தாலும் இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

இறுக்கமான கழுத்து

ஸ்வெட்டரின் கழுத்தை மூடி முடிக்கும்போது கடைசி வரிசையை ஒரு அளவு பெரிய ஊசியில் போடுங்கள். தலை நுழையாத ஸ்வெட்டரை யாருக்கும் கொடுக்க முடியாது.

அக்ரிலிக் மேல் இஸ்திரிப் பெட்டி

வைத்தால் துணி செத்துவிடும், துவண்டு தொங்கும்.

பட்டியலில் எட்டு பேர்

பெரியவர் ஒருவரின் ஸ்வெட்டரில், மேலே சொன்ன அளவில், உடம்புக்கும் கைக்குமாகச் சுமார் 50,000 கண்ணி இருக்கும். நிமிடத்துக்கு 25 கண்ணி என்று ஓரளவு பழகிய வேகத்தில் பின்னினாலும் 33 மணி நேரம். தினமும் இரவு ஒரு மணி நேரம் என்றால் ஒரு மாதத்துக்கு மேல். தேங்ஸ்கிவிங்கிலிருந்து கிறிஸ்துமஸ் வரை ஏறக்குறைய பத்து வாரம்தான் இருக்கிறது. பிள்ளைகளின் வீட்டுப்பாடம், சமையல், இடையில் தீபாவளியும் வந்துபோகும். தொப்பி என்றால் 6,000 கண்ணியில் முடியும், நாலு மணி நேரம். ஆகவே ஸ்வெட்டர் ஒருவருக்கு, மற்றவர்களுக்குத் தொப்பி. பெரியவர் தலைச் சுற்றைவிடத் தொப்பியை ஐந்து செ.மீ. குறைவாகப் போட்டால் இழுபட்டுப் பிடித்து நிற்கும். அரைகுறை ஸ்வெட்டரை ஊசியோடு பொதி சுற்றிக் கொடுத்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், கொடுக்கும் பையில் மிச்ச நூல் கொஞ்சமும் ஒரு துண்டுச் சீட்டும் வையுங்கள். நூலின் லேபிள், எந்தச் சூட்டில் துவைப்பது, டிரையர் ஆகுமா ஆகாதா, காயும்போது தொங்கவிடாமல் துவாயின் மேல் பரப்பிப் போட வேண்டும் என்பது, இவ்வளவு போதும். சீட்டைத் தமிழில் எழுதுவதா ஆங்கிலத்தில் எழுதுவதா என்பது அந்த வீட்டில் துணி துவைப்பவர் யார் என்பதைப் பொறுத்தது.