கற்றாழைக்குத் தினமும் தண்ணீர் வேண்டாம்

கற்றாழை, கள்ளி, அன்னாசி போன்றவை பகலில் இலைத்துளைகளைப் பெரும்பாலும் மூடியே வைத்திருக்கும். இரவில்தான் திறந்து கார்பன் டை ஆக்சைடை உள்ளே இழுத்து, மாலிக் அமிலமாகச் சேமிக்கும்; விடிந்ததும் அதை எடுத்து உணவு தயாரிக்கும். வெயில் நேரத்தில் துளை மூடியிருப்பதால் நீர் இழப்பு குறைவு. அதனால் தொட்டி மண் நன்றாகக் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். தினமும் ஊற்றினால் வேர் அழுகிவிடும்.

தக்காளி, கத்தரி அப்படியில்லை. பகலில்தான் துளை திறக்கும். மண் காய்ந்தால் மூடிக்கொள்ளும், வளர்ச்சியும் தடைபடும். காலையிலேயே நீர் விட்டுவிடுங்கள். மக்காச்சோளம் வேறு ரகம்: துளையைக் குறைவாகத் திறந்தே போதிய கார்பனைப் பிடித்துவிடும், ஆனால் நல்ல வெயில் வேண்டும்.

அப்புறம், படுக்கையறைக் காற்றைச் சுத்தமாக்கத்தான் கற்றாழை வாங்குகிறீர்கள் என்றால், ஒரு தொட்டிச் செடி இரவில் இழுக்கும் கார்பன் டை ஆக்சைடு சொற்பம்தான். ஜன்னலைத் திறப்பதே மேல்.