பழைய எம்ஜிபி எஞ்சின் அசல்தானா? பார்ப்பதும் விலை போடுவதும்

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டப்புற ஊர்களில் பழைய பிரிட்டிஷ் எஞ்சின் ஒன்று எங்காவது கிடக்கும். தோட்ட ஸ்டோருக்குப் பின்னால், ரப்பர் உலர்த்திய, மூடிப்போன ஸ்மோக் ஹவுசில், இல்லையென்றால் போர்மன் ஒருவரின் பட்டறை மூலையில். "துரை ஓட்டின ஸ்போர்ட்ஸ் காடி எஞ்சின் தம்பி, அசல்" என்று சொல்லி விலை பேசுவார்கள். அந்தச் சொல்லை எப்படிச் சோதிப்பது என்று புதிதாக வருபவர்களுக்காக எழுதுகிறேன். உதாரணத்துக்கு எம்ஜிபி. இங்கிலாந்தின் ஆபிங்டனில் 1962 முதல் 1980 வரை 5 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட காடி, அதனால் விவரங்கள் தெளிவாகக் கிடைக்கின்றன.

தொடங்குமுன் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். எஞ்சின் எம்ஜிபிக்கென்று செய்ததா என்பது ஒரு கேள்வி. குறிப்பிட்ட ஒரு காடியில் தொழிற்சாலையிலேயே ஏறியதா என்பது வேறு கேள்வி. நல்ல விலை இரண்டாவதில்தான் இருக்கிறது.

படி 1: கழுவாதீர்கள்

பிரஷர் ஜெட்டும் கம்பி பிரஷ்ஷும் வேண்டாம். பழைய பெயிண்டும் ஆணித் தலைகளும்தான் நமக்குச் சாட்சி. துணியில் மண்ணெண்ணெய் தொட்டு, எண் இருக்கும் இடத்தை மட்டும் மெதுவாகத் துடையுங்கள். துடைப்பதற்கு முன்னும் பின்னும் படம் எடுத்து வையுங்கள்.

எண் எங்கே இருக்கும்? ஃபிளைவீல் பக்கம் (கியர்பாக்ஸ் மாட்டும் பக்கம்) நின்று ஃபேன் பக்கமாகப் பாருங்கள். உங்கள் வலது கைப் பக்கம் டிஸ்ட்ரிபியூட்டர் இருக்கும், கார்புரேட்டர்கள் இடது பக்கம். அந்த வலது பக்கத்தில் பிளாக்கோடு ஆணியடித்த சிறிய உலோகத் தகடு இருக்கும். அதில்தான் எஞ்சின் எண்.

படி 2: எண்ணைப் படிப்பது

18ஜிபி-யு-எச், அப்புறம் ஒரு வரிசை எண் என்று வைத்துக்கொள்வோம். 18 என்றால் 1.8 லிட்டர், சரியாகச் சொன்னால் 1798 சிசி. ஜி என்றால் எம்ஜி. அடுத்த எழுத்து எஞ்சினின் தலைமுறை. வெறும் 18ஜி 1962-இல் வந்தது. 18ஜிஏ 1964-இன் தொடக்கத்தில் வந்தது. இந்த இரண்டிலும் கிராங்கை (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டை) தாங்க மூன்று மெயின் பேரிங். 1964 அக்டோபரில் வந்த 18ஜிபியில் ஐந்து. 18வி என்று இருந்தால் 70-களின் எஞ்சின். யு என்பது நடுவில் கியர் உள்ள காடி, ஆர்யு என்றால் ஓவர்டிரைவும் (நீண்ட ஓட்டத்தில் எஞ்சினை மெதுவாகச் சுற்றவிடும் கூடுதல் கியர்) சேர்ந்தது. எச் அதிக கம்ப்ரஷன், எல் குறைந்த கம்ப்ரஷன்.

எண் 48ஜி என்று தொடங்கினால் அது தொழிற்சாலையே ரீகண்டிஷன் செய்து விற்ற மாற்று எஞ்சின். தங்க நிறம் பூசியதை கோல்டு சீல் என்பார்கள். நல்ல எஞ்சின்தான், ஆனால் எந்தக் காடிக்கும் பிறந்தபோது வந்தது இல்லை.

படி 3: தகட்டை நம்பாமல் இரும்பைக் கேளுங்கள்

இந்தப் படியில் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். தகடு ஆணியில் நிற்பதால் கழற்றி வேறு பிளாக்கில் அடித்துவிடலாம். ஆணித் தலைகளை லென்ஸ் வைத்துப் பாருங்கள். சுற்றியுள்ள பெயிண்டும் அழுக்கும் தகட்டின் விளிம்பு வரை ஒரே மாதிரிப் படிந்திருக்க வேண்டும். பளபளக்கும் அலுமினிய பாப் ரிவெட் இருந்தால் யாரோ கழற்றியிருக்கிறார்கள்.

அடுத்து, தகடும் பிளாக்கும் ஒத்துப்போகின்றனவா? மூன்று பேரிங் எஞ்சினில் ஆர்பிஎம் மீட்டர் கேபிளால் ஓடியது, கேபிள் மாட்டும் இடம் எஞ்சினின் பின்பக்கம் இருக்கும். ஐந்து பேரிங்கில் மீட்டர் மின்சாரத்துக்கு மாறியது. தகடு 18ஜிபி என்று சொல்ல, பின்னால் கேபிள் மாட்டும் இடம் இருந்தால் தகடு வேறு எஞ்சினிலிருந்து வந்திருக்கலாம்.

எஞ்சினின் மேல்மூடியான ராக்கர் கவரைத் திறந்தால் சிலிண்டர் ஹெட்டின் மேல் வார்ப்பு எண் தெரியும். தொடக்ககால எம்ஜிபி ஹெட்டில் 12எச்906 என்று பார்க்கலாம். ஹெட் மட்டும் மாறியிருந்தால் பயப்பட வேண்டாம். நடு இரண்டு சிலிண்டரும் ஒரே எக்ஸாஸ்ட் வழியைப் பகிர்வதால் அங்கே சூடு ஏறி, வால்வுகளுக்கு நடுவே விரிசல் விடுவது இந்த எஞ்சினின் தெரிந்த குறை. பலர் ஹெட்டை மாற்றியிருப்பார்கள்.

எம்ஜிபி எஞ்சின் பி-சீரிஸ் என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. இதே குடும்பம்தான் ஆஸ்டின் கேம்பிரிட்ஜ், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு, மோரிஸ் மரீனாவிலும் ஓடியது. தமிழ்நாட்டு உறவினர் வீட்டு அம்பாசிடரின் 1489 சிசி எஞ்சினும் இந்தக் குடும்பம்தான். ஆகவே உருவத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இரட்டை எஸ்யு கார்புரேட்டர் இருப்பதும் ஆதாரம் ஆகாது, அது நட்டில் நிற்கும் சாமான்.

படி 4: காகிதம்

காடியின் கெரானில் (பதிவுச் சான்றில்) எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் இருக்கும். பழைய பதிவுப் புத்தகம் குடும்பத்தில் யாரிடமாவது இருந்தால் விடாமல் கேளுங்கள், ஒரு பக்கம்கூடப் போதும். அடுத்து, இங்கிலாந்தின் கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் கட்டணம் வாங்கிக்கொண்டு ஹெரிடேஜ் சர்டிபிகேட் தருகிறது. தொழிற்சாலைப் பதிவேட்டிலிருந்து எடுத்துத் தருவார்கள்: காடி கட்டிய தேதி, நிறம், அனுப்பிய நாடு, பதிவில் இருந்தால் எஞ்சின் எண். அதற்குச் சேசிஸ் எண் வேண்டும்.

படி 5: உடம்பு எப்படி

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டுத் திருப்புங்கள். நம் ஊர் ஈரத்தில் பல எஞ்சின்கள் இறுகியிருக்கும். பலம் போடாமல் சிலிண்டருக்குள் எண்ணெய் விட்டுச் சில நாள் ஊற விடுங்கள். ஹெட் கழன்றிருந்தால் பிஸ்டன் தலையைப் பாருங்கள். 020, 040 என்று அடித்திருந்தால் சிலிண்டரை ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 20, 40 பங்கு அளவுக்கு ஏற்கெனவே அகலமாகக் குடைந்திருக்கிறார்கள். 060 என்றால் இன்னொரு முறை குடைய இடமில்லை என்று வைத்தே விலை பேசுங்கள்.

படி 6: விலை

அதே வகையில் ரீபில்ட் செய்த எஞ்சின் என்ன விலைக்குப் போகிறது என்று விசாரியுங்கள். அதிலிருந்து ரீபில்ட் செலவைக் கழியுங்கள். பேச்சுக்கு 12,000 வெள்ளி (ரிங்கிட்) எஞ்சின், ரீபில்டுக்கு 8,000 என்றால் உங்கள் கையில் உள்ளது 4,000 வெள்ளிச் சரக்கு. விரிசல், காணாமல் போன சாமான், லாரிக் கூலி எல்லாம் அதிலிருந்தும் கழியும். எம்ஜிபி எஞ்சின் அரிதானது இல்லை, தனியாகக் கிடந்தால் இவ்வளவுதான்.

அந்த எண்ணுக்குரிய காடி இன்னும் இருந்தால் கணக்கே வேறு. உரிமையாளருக்கு அது காடியின் மதிப்பையே உயர்த்தும், அதனால் முதலில் அவரைத் தேடுங்கள். எஞ்சின் காடியில் ஏறும்போது ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்து இலாகாவில்) மாற்றத்தைப் பதிய வேண்டும். ஆகவே விற்பவரின் கையெழுத்தோடு, எண் எழுதிய ரசீது கட்டாயம்.

தகட்டை மட்டும் தனியாக விலைக்குக் கேட்டு ஆள் வருவார்கள், நல்ல பணமும் சொல்வார்கள். கொடுக்காதீர்கள். அது வேறொரு பிளாக்கில் ஏறி, யாரோ ஒருவர் சேர்த்து வைத்த பணத்தைத் தின்னும். உங்கள் எஞ்சினும் அன்றோடு பெயர் இல்லாத இரும்பாகிவிடும்.