‘லைவ் அட் லீட்ஸ்’: அன்றிரவின் வரிசையில் கேட்பது எப்படி?

1970 பிப்ரவரி 14 அன்று இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழக உணவுக்கூடத்தில் ‘தி ஹூ’ என்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவினர் நடத்திய கச்சேரியைப் பலர் ஆறு பாடல்களாகவே அறிந்திருக்கிறார்கள். அவ்வாண்டு ‘லைவ் அட் லீட்ஸ்’ என வெளிவந்த இசைத்தட்டில் இருந்தவை அவ்வளவுதான். ஆனால் இது துண்டு துண்டாகக் கேட்கத்தக்க கச்சேரி அன்று.

முதலில், 2001இல் வந்த இரட்டைக் குறுந்தகட்டுப் பதிப்பைத் தேடி எடுங்கள். மேடையில் நடுப்பகுதியில் வாசிக்கப்பட்ட ‘டாமி’ (பாடல்களாலேயே ஒரு கதையைச் சொல்லும் அக்குழுவின் ராக் ஓப்பரா) அதில் தனியே இரண்டாம் தகட்டில் இருப்பதால், முதல் தகட்டில் ஒன்பதாவதாக வரும் ‘எ குவிக் ஒன்’ முடிந்தவுடன் நிறுத்தி, இரண்டாம் தகட்டை முழுவதும் கேட்டுவிட்டு, மீண்டும் முதல் தகட்டுக்கு வந்து ‘சம்மர்டைம் ப்ளூஸ்’ தொடங்கி எஞ்சிய நான்கையும் கேளுங்கள். செயலியில் கேட்பவர்கள் இதே வரிசையில் பட்டியல் அமைத்துக்கொள்ளலாம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதால் விடுமுறை நாளே உகந்தது.

ஹெட்போனில் கேட்பது நல்லது. பீட் டவுன்ஷெண்டின் ஒரே கிதார்தான் மேடையில் இருந்தது. அவர் நாண்களை அதிரவிட்டு நிற்கும் இடைவெளிகளை ஜான் என்ட்விசிலின் பேஸ் கிதார் நிரப்புகிறது. ஆகவே முதல் முறை பேஸை மட்டும் பின்தொடருங்கள். ‘யங் மேன் ப்ளூஸ்’ பாடலில் ரோஜர் டால்ட்ரி துணையின்றி ஒரு வரி பாடி நிறுத்த, கீத் மூனின் டிரம்ஸும் கிதாரும் பேஸும் ஒரே கணத்தில் பாய்ந்து அதேபோல் சட்டென அடங்குகின்றன. இந்த ஒட்டுறவைவிட உயர்ந்த சான்று அக்குழுவுக்கு வேறில்லை என்பேன்.

மறுநாள் ஹல் நகரக் கச்சேரியும் பதிவானது. அங்கே தொடக்கப் பாடல்கள் சிலவற்றில் பேஸ் பதிவாகாமல் போனதாலேயே லீட்ஸ் பதிவு தேர்வானது. பேஸ் இல்லாமல் இந்தக் குழு நிற்காது என்பதை அந்த இழப்பே உணர்த்திவிடுகிறது.

ஏறத்தாழ 15 நிமிடம் நீளும் ‘மை ஜெனரேஷன்’ பாடலுக்கு வரும்போது ஒலியைக் குறைக்காதீர்கள். அதன் நடுவே வேகம் தணிந்து, சற்றுமுன் கேட்ட ‘டாமி’யின் மெட்டுகள் திரும்பி வருகின்றன, வரிசைப்படி கேட்டு வந்தவருக்கு அந்த இடத்தில் மெய்சிலிர்க்கும்.