கச்சான் காத்துல கார்னிவல் பார்ட்டி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ராமேஸ்வரம் தீவுல இருக்குற தங்கச்சிமடத்துல வடகடல் ஓரமா ஒரு பிறந்தநாள், பிள்ளைங்களுக்கு கார்னிவல் தீம். சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட துணி, வளையம் எறியுற ஸ்டால், பலூன் சுடுறதுன்னு பாக்க அழகாத்தான் இருந்துச்சு. ஆனா பிள்ளைங்க ஏறிக் குதிக்குற காத்தடைச்ச ஜம்பிங் பலூன வெறும் மணல்ல நிறுத்தியிருந்தத பாத்ததும் எனக்கு வயித்தக் கலக்கிருச்சு. பார்ட்டி நடத்திக் குடுக்குற இந்தத் தொழிலுக்கு வந்த புதுசுல நானும் இதே கரையில இதையேதான் பண்ணேன்.

சாப்பாடு பத்தாம போறது, கேக் லேட்டா வர்றதெல்லாம் உங்களுக்கே தெரியும், விடுங்க.

கடல் சும்மா கிடக்குதேன்னு நம்புறது

நான் அன்னைக்குப் பண்ணதும் ஒரு ஜூன் கடைசி. கச்சான் தென்மேற்குல இருந்து அடிக்குறதால தென்கடல்தான் கொந்தளிக்கும், வடகடல் குளம் மாதிரி கிடக்கும், அத பாத்து காத்தே இல்லன்னு நெனச்சுட்டேன். வாடகைக்கு விட்டவரு "அசையாது சார்"னு சொல்லி நாலு மூலையிலயும் ஒரு ஜாண் முளைய அடிச்சுட்டு கிளம்பிட்டாரு. மூணு மணிக்கு காத்து ஏறுச்சு பாருங்க, பால்பல்லு விழுற மாதிரி முளை ஒண்ணொண்ணா கழண்டு, உள்ள ஏழு பிள்ளைங்களோட பலூன் ஒரு பக்கமா தூக்கிருச்சு. வலை பாத்துட்டிருந்த ஆளுங்க ஓடிவந்து வத்தைக் (படகு) கயித்த போட்டு இழுத்துப் பிடிச்சாங்க. அதுல ஒரு பெரியவர், "கச்சான்ல படகுப் பாய விரிச்சு வச்சிருக்கியே, பிள்ளைகள யாழ்ப்பாணத்துக்கா அனுப்பப் போற?"ன்னு கேட்டாரு. யாருக்கும் அடியில்ல. கிழிஞ்ச பலூனுக்கு மட்டும் 12,000 அழுதேன். "அசையாது"ன்னு சொன்ன அதே ஆளுகிட்ட! இன்னைக்கும் எரியுது.

பாம்பன் பாலத்துல காத்து மணிக்கு 58 கிலோமீட்டர் தாண்டுனா ரயிலையே நிறுத்திருவாங்க. ஜம்பிங் பலூனுக்கு இங்கிலாந்துல வச்சிருக்குற அளவு 38தான். குறைஞ்சது ஆறு இடத்துல கட்டணும், முளை அடிக்க முடியாத தரைன்னா ஒவ்வொரு கட்டுக்கும் 163 கிலோ எடை வேணும். 50 கிலோ மணல் மூட்டைன்னா கட்டுக்கு நாலு, மொத்தம் 24. அத்தன மூட்டை கொண்டு வருவியான்னு வாடகைக்காரர்கிட்ட கேளுங்க, முழிப்பாரு. பேசாம மண்டபத்துக்குள்ள வைங்க, இல்ல கச்சான் ஓஞ்சப்புறம் வேற மாசம் பாருங்க. தென்னந்தோப்பு மறைவா இருக்கேன்னும் போகாதீங்க, தேங்கா விழும்.

ரோஸ் பஞ்சு மிட்டாய்

துணிக்குப் போடுற ரோடமைன்-பி சாயம் இருக்குன்னு 2024 பிப்ரவரியிலயே தமிழ்நாட்டுல விக்கத் தடை போட்டாங்க. வெள்ளையா நாமளே சுத்துனாலும் உப்புக்காத்து ஈரத்துல பத்து நிமிஷம் தாங்காது, பிசுபிசுன்னு சுருங்கிரும். நுங்கு கிடைச்சா வெட்டி வைங்க.

கேஸ் பலூன்

உள்ள தீப்பிடிக்குற ஹைட்ரஜனா இருக்கலாம். கேக் மெழுகுவத்தி பக்கமே வேணாம்.

கோமாளி

சின்னதுங்க பயப்படும். என் மச்சானுக்கு வேஷம் போட்டு விட்டேன், பாதிப் பிள்ளைங்க கேக்க விட்டுட்டு அம்மா சேலைக்குள்ள போயிருச்சு.